அரை மணி நேரத்தில் ஒரு சாட்பாட், அப்புறம் ஒரு செமஸ்டர் வேலை

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஏஐ சாட்பாட் செய்யக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொன்னால், "அவங்களுக்கெல்லாம் கோடிங் வருமா?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. கோடிங் தேவையே இல்லை. 2023 நவம்பரில் ஓபன்ஏஐ நிறுவனம், சந்தா கட்டியவர்கள் தங்களுக்கென்று ஒரு சாட்பாட்டை அமைத்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. கூகுளில் ஜெம், நோட்புக்எல்எம் என்று வேறு வழிகள் இருக்கின்றன. சிட்னி பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கென்றே கோக்னிட்டி என்று ஒரு தளம் செய்து வைத்திருக்கிறது. எதில் செய்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். இந்தச் சாட்பாட் யாரிடம் எப்படிப் பேச வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று சாதாரண மொழியில் எழுத வேண்டும். பாடக்குறிப்புகளை ஏற்ற வேண்டும். முடிந்தது. வரலாற்றுத் துறை மேடம் ஒருவர் டீ வருவதற்குள் செய்து முடித்துவிட்டு, "அவ்வளவுதானா சார்?" என்றார்.

அவ்வளவுதான். நம் ஊர் எஃப்டிபிகள், அதாவது ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகள், பெரும்பாலும் இந்த இடத்தில் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துவிடும். சான்றிதழ் பதவி உயர்வு ஃபைலுக்கும், போட்டோ கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் அமைப்புக்கான அறிக்கைக்கும் போய்ச் சேரும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கப்புறம் வரும் வேலை: செய்து வைத்த சாட்பாட்டை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு நோண்டுவது. கேள்வி எடுப்பது, விடை திருத்துவது, மாணவன் எங்கே சறுக்குவான் என்று முன்கூட்டியே சொல்வது எல்லாம் ஆசிரியர்களின் அன்றாட வேலை. சாட்பாட்டை ஆராயவும் அதுதான் வேண்டும். ஐடி கம்பெனியிலிருந்து வரும் பயிற்சியாளர்களைவிட இவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் மணி நேரத்தில் யாரையும் கம்ப்யூட்டரைத் தொட விடுவதில்லை. எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எழுதி 1966இல் வெளியிட்ட எலைசா என்ற நிரலைக் காகிதத்தில் நடத்திப் பார்க்கச் சொல்வேன். அது மனநல மருத்துவர் மாதிரி பேசும். அதற்குத் தெரிந்ததெல்லாம் சொன்னதைத் திருப்பிப் போடுவது மட்டுமே. 'என் அம்மா' என்று வந்தால் 'உங்கள் அம்மாவைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்' என்று கேட்கும். இதைத் தமிழில் செய்ய உட்கார்ந்தால் வினைமுற்று வந்து காலை வாரும். 'நான் தினமும் அழுகிறேன்' என்பதில் 'நான்' போய் 'நீங்கள்' வந்தால் மட்டும் போதாது, 'அழுகிறீர்கள்' என்று வாலும் மாற வேண்டும். மொழியியல் ஆட்கள் இங்கே உற்சாகமாகிக் கணினித் துறைக்காரர்களுக்கு விகுதிப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். சற்று நேரத்தில் யாராவது ஒருவர் அந்தக் காகிதத்திடம் நிஜமான கவலை ஒன்றைச் சொல்லிவிட்டு அசடு வழிவார். வைசன்பாமின் செயலாளருக்கும் அதுதான் நடந்தது. அவர் அந்த நிரலை எழுதிக்கொண்டிருந்ததை மாதக்கணக்கில் பார்த்தவர் அந்தப் பெண்மணி. இருந்தும் அதனுடன் கொஞ்சம் பேசியதும், நீங்கள் வெளியே இருங்கள் என்று வைசன்பாமையே கேட்டுக்கொண்டார்.

ஆசிரியர் ஏன் மெனக்கெட வேண்டும், சாட்ஜிபிடியே போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு துருக்கிப் பள்ளியின் கதையைச் சொல்வேன். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் அங்கே 9 முதல் 11ஆம் வகுப்பு வரை படிக்கும் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகளை வைத்துக் கணக்குப் பாடத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்குச் சாட்ஜிபிடி மாதிரியே ஒரு சாட்பாட். இரண்டாவது பிரிவுக்கும் உள்ளே ஓடியது அதே ஜிபிடி-4 என்ற மொழி மாடல்தான், ஆனால் ஆசிரியர்கள் எழுதிக்கொடுத்த குறிப்புடன்: இந்தக் கணக்குக்கு விடை இது, பிள்ளைகள் வழக்கமாகத் தவறு செய்யும் இடம் இது, விடையைச் சொல்லாதே, துப்பு மட்டும் கொடு. மூன்றாவது பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும். பயிற்சிக் கணக்குகளில் மூன்றாவது பிரிவைவிட முதல் பிரிவு 48 சதவீதம் கூடுதலாக வாங்கியது, இரண்டாவது பிரிவு 127 சதவீதம். பிறகு எல்லாச் சாட்பாட்டையும் எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். வெறும் சாட்பாட்டை வைத்துப் பழகியவர்கள், எந்தச் சாட்பாட்டையும் பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். ஆசிரியர் குறிப்புள்ள சாட்பாட்டில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஆனால் தேர்வில் அவர்கள் மற்றவர்களை முந்தவும் இல்லை. சாட்பாட்டைப் புகழ்ந்து மேடையில் பேசுபவர்கள் அந்தக் கடைசி வரியை விழுங்கிவிடுவார்கள்.

இரண்டு பிரிவுக்கும் மாடல் ஒன்றுதான், வித்தியாசம் முழுக்க அந்தக் குறிப்பில் இருந்தது. அதை எழுதத் தெரிந்தவர் அதே பாடத்தை வருடக்கணக்காக எடுத்தவர்தான்.

ஒரு பயிற்சிக்கு வந்த தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர்கள் 'ஐயா' என்பார்கள், நானும் அப்படியே. பி.காம், பிசிஏ முதலாமாண்டுக்குப் பகுதி-1 தமிழ் எடுக்கிறார். புணர்ச்சி விதிகளுக்கு ஒரு சாட்பாட் வேண்டும் என்றார். வருடக்கணக்காகச் சேர்த்த குறிப்புகளை ஏற்றினார். சாட்பாட் அதிலிருந்து ஒரு வரிகூட எடுக்கவில்லை. காரணம் பாமினி எழுத்துரு. திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். கோப்புக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். மாடல் படிப்பது அதைத்தான். எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோடு குறியீட்டுக்குத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஆணை போட்டுவிட்டது. டிடிபி கடைகளில் பாமினிக்கு அது இன்னும் எட்டவில்லை. பாமினியை யூனிகோடாக மாற்றும் என்எச்எம் கன்வர்ட்டரோடு அன்றைக்கு மதியம் முழுக்கப் போனது. தமிழில் சாட்பாட் செய்யும் யாரும் இந்த மதியத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

மாற்றி ஏற்றிய பிறகு சாட்பாட் நன்றாகவே பேசியது. பல், பொடி எப்படிப் பற்பொடி ஆகிறது என்று கேட்டதற்கு, லகரம் றகரமாகத் திரிகிறது, இது திரிதல் விகாரம் என்று சரியாகச் சொன்னது. கூடவே, யாரும் கேட்காமலே, 'நன்னூல், நூற்பா 517' என்று ஆதாரம் காட்டி இரண்டடியில் ஒரு நூற்பாவையும் கொடுத்தது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பாயிரத்தையும் சேர்த்து 462 நூற்பாவோடு நன்னூல் முடிந்துவிடுகிறது.

"பவணந்தி எழுதாததை எல்லாம் இது எழுதுதே," என்றார். "ஆனா எதுகை சரியா இருக்கு."

இந்த இடத்தில் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒரு சாரார் 'இதெல்லாம் டூப்பு' என்று லேப்டாப்பை மூடிவிடுவார்கள். ஐயா மூடவில்லை. எந்தக் கேள்விக்கு இட்டுக்கட்டுகிறது, எதற்குக் கட்டுவதில்லை என்று பார்க்கத் தொடங்கினார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் புதிய உரையாடலில் கேட்டார், விடைகளை நோட்டில் எழுதி வைத்தார். இரண்டு நாளில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. குறிப்பில் நூற்பா எண் இருக்கும் இடங்களில் அதை அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. எண் இல்லாமல் விதி மட்டும் இருக்கும் இடங்களில்தான் கதை விடுகிறது. குறிப்பில் இல்லாத எண்ணைச் சொல்லாதே என்று ஒரு வரி சேர்த்ததும் பொய் குறைந்தது, அடியோடு போகவில்லை.

ஏன் இப்படி என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 'என் புத்தகத்தைப் படிச்சுக் கத்துக்கிச்சு' என்பது நான் அதிகம் உடைக்க வேண்டியிருக்கும் நம்பிக்கை. அது எதையும் கற்றுக்கொள்வதில்லை. நீங்கள் ஏற்றும் கோப்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு எண் வரிசையாக மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். கேள்வி வந்ததும் பொருளில் அதற்கு நெருக்கமான சில துண்டுகளைத் தேடி எடுத்துக் கேள்வியோடு சேர்த்து மாடலிடம் கொடுக்கிறார்கள். இதற்கு ஆர்ஏஜி என்று பெயர். 2020இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் தலைமையில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து பரவிய பெயர். தேடல் சொதப்பினால் மாடல் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் பயனில்லை. விதி ஒரு துண்டிலும், 'ஆனால்' என்று தொடங்கும் விலக்கு அடுத்த துண்டிலும் விழுந்துவிட்டால் மாணவனுக்கு விதி மட்டும்தான் போய்ச் சேரும்.

தேடல் சொதப்பும் இன்னொரு இடத்தை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஐயா எழுதிய சோதனைக் கேள்விகள் எல்லாம் வினாத்தாள் நடை: 'திரிதல் விகாரத்தைச் சான்றுடன் விளக்குக.' அதற்கெல்லாம் சாட்பாட் மணி மணியாகப் பதில் சொன்னது. பி.காம் பிள்ளைகள் சிலரிடம் ஃபோனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னபோது வந்தவை வேறு. 'பற்பொடில ற் எப்டி வந்துச்சு.' 'இன்டர்னலுக்கு எந்தப் புணர்ச்சி இம்பார்ட்டன்ட்.' 'ஹாய்.' அத்தனையும் ஆங்கில எழுத்தில் அடித்தவை. குறிப்புகள் தமிழ் எழுத்தில் இருக்க, கேள்வி ஆங்கில எழுத்துத் தமிழில் வர, தேடல் சம்பந்தமில்லாத துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தது. தேடுவதற்கு முன் கேள்வியைத் தமிழ் எழுத்தில் மாற்றி எழுதிக்கொள்ளும் படி ஒன்றைச் சேர்த்த பிறகுதான் வழிக்கு வந்தது. அன்றிலிருந்து சோதனைக் கேள்விகளை ஆசிரியர் எழுதக் கூடாது, மாணவர்களிடமிருந்து திரட்ட வேண்டும் என்பது எங்கள் விதி.

(தமிழின் இன்னொரு தண்டம் காசு. மாடல்கள் எழுத்தை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக வெட்டி எண்ணி விலை போடுகின்றன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய ஓர் எடுத்துக்காட்டில், பழைய முறையில் 116 டோக்கன் ஆன தமிழ் வாக்கியம் புதியதில் 35 ஆனது. அதுவரை நாம் எவ்வளவு கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தோம் என்பதும் அதிலேயே தெரிந்தது.)

அடுத்து விடைகளுக்கு மதிப்பெண் போடும் கட்டம். என் பயிற்சிகளில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஐயாவும் அவர் துறையின் இளம் உதவிப் பேராசிரியர் ஒருவரும், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல், ஒரே விடைகளுக்குச் சரி, பாதி சரி, தவறு என்று குறித்தார்கள். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்க ஜேக்கப் கோஹன் 1960இல் சொன்ன கப்பா என்ற அளவு இருக்கிறது. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்லும். கப்பா படு மோசமாக வந்தது. ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இது ஏம்மா தவறு? விதி சரியாத்தானே சொல்லியிருக்கு."

"விதி சரிதாங்க ஐயா. ஆனா பையன் ஒரு வார்த்தை யோசிக்கறதுக்குள்ள விடையைப் போட்டு உடைச்சிடுச்சே. அவனுக்கு இதுல என்ன வேலை?"

"கேட்டா சொல்லத்தானே வேணும்?"

"வகுப்புல நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்களே ஐயா. அவனையே ரெண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லச் சொல்வீங்க. நாக்கு எங்க போகுதுன்னு பாருடான்னுதானே கேட்பீங்க?"

ஐயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சிரித்துவிட்டார். அந்த அம்மா அவரிடமே படித்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மதிப்பெண் தாளில் ஒரு பத்தி இரண்டானது: இலக்கணம் சரியா, மாணவனை யோசிக்க வைத்ததா. அடுத்த முறை கப்பா மேலே ஏறியது. 'நாக்கு எங்கே போகிறது என்று முதலில் கேள், விடையை மூன்றாவது முறைதான் சொல்' என்பது சாட்பாட்டின் சிஸ்டம் பிராம்ப்ட்டில், அதாவது அது எப்படிப் பேச வேண்டும் என்று நாம் எழுதி வைக்கும் குறிப்பில், அப்படியே போய் உட்கார்ந்தது. எந்தக் கையேட்டைப் பார்த்தும் இந்த வரியை எழுதியிருக்க முடியாது.

இந்த வேலையையும் இன்னொரு ஏஐயிடம் கொடுத்துவிடலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கொடுக்கலாம், இரண்டு மனிதர்கள் ஒத்துப்போன பிறகு, அவர்களோடு அதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு. நீளமான விடைக்குக் கூடுதல் மார்க் போடும் வழக்கம் அதற்கு உண்டு. நம் பேப்பர் திருத்துபவர்களுக்கும் உண்டு என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.

சோதனை வடிவமைப்புக்கு நான் எப்போதும் எடுக்கும் உதாரணம் ஜிபிடி-4 பகா எண் கதை. 2023 ஜூலையில் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கொடுத்த எண் பகா எண்ணா என்ற கேள்விக்கு ஜிபிடி-4இன் மார்ச் வடிவம் 97.6 சதவீதம் சரியாகச் சொன்னது, ஜூன் வடிவம் 2.4 சதவீதம். ஜிபிடி-4 மழுங்கிவிட்டது என்று செய்தி பறந்தது. பிரின்ஸ்டனைச் சேர்ந்த அரவிந்த் நாராயணனும் சயாஷ் கபூரும் கேள்விகளை எடுத்துப் பார்த்தார்கள். 500 எண்களுமே பகா எண்கள். மார்ச் வடிவத்துக்கு எதைக் கேட்டாலும் 'ஆம்' சொல்லும் பழக்கம், ஜூன் வடிவத்துக்கு 'இல்லை' சொல்லும் பழக்கம், அவ்வளவுதான். பகு எண்களையும் சேர்த்துத் திருத்திய பதிப்பில் அது 84க்கும் 51க்கும் வந்து நின்றது. எல்லா விடையும் 'சரி' என்று வரும்படி ஒரு சரியா தவறா வினாத்தாளை எந்த ஆசிரியரும் எடுக்க மாட்டார். எடுத்தால் கூர்நோக்குக் குழு, அதாவது ஸ்க்ரூட்டினி போர்டு, விடாது. இதைச் சொல்லும்போது அறையில் இருக்கும் சீனியர் பேராசிரியர்களின் முதுகு கொஞ்சம் நிமிரும்.

அதே கதையில் இன்னொரு பாடமும் உண்டு: பெயர் மாறாமலே மாடல் மாறிவிடும். எந்த வடிவம், எந்தத் தேதி, எந்தப் பிராம்ப்ட் என்று எழுதி வைக்காத ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க வழியில்லை. லாமா, ஜெம்மா மாதிரி கோப்பாகவே இறக்கி நம் கணினியில் வைத்துக்கொள்ளக்கூடிய மாடல்கள் தமிழில் கொஞ்சம் தடுமாறினாலும், ஆய்வுக்கு அவற்றைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

எனக்கு உண்மையில் எரிச்சல் வருவது திருப்திக் கருத்துக்கணிப்பைப் பார்த்தால்தான். சாட்பாட் செய்து, ஒரு வாரம் பிள்ளைகளிடம் விட்டு, 'பயனுள்ளதாக இருந்தது' என்பதற்கு ஐந்துக்கு எத்தனை என்று கூகுள் ஃபார்மில் கேட்டு, சராசரி எடுத்து ஒரு கட்டுரை. இந்த ரகம் ஏராளமாக வருகிறது. துருக்கியில் 17 சதவீதம் சறுக்கிய பிள்ளைகளிடமும் கேட்டார்கள். தாங்கள் குறைவாகக் கற்றதாக அவர்கள் நினைக்கவில்லை. அப்படியிருக்க அந்த நாலரை ஸ்டாரை வைத்து என்ன செய்வது?

பொறுப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் அலுவலக வேலைக்குச் சாட்பாட் செய்பவர்களிடம்தான் சூடு பிடிக்கும். ஒருவர் தன் கல்லூரியின் தேர்வு விதிகளை ஏற்றியிருந்தார். 68 சதவீத வருகைப்பதிவு உள்ள மாணவன் தேர்வு எழுதலாமா என்று கேட்டோம். எழுதலாம் என்றது. வருகைக் குறைவை மன்னிக்கக் கேட்கும் காண்டொனேஷன் கட்டணம் கட்ட வேண்டும் என்பது அடுத்த துண்டில் இருந்தது, வரவில்லை. அந்தப் பையன் இதை நம்பி ஹால் டிக்கெட் வாங்க வந்து நின்றால் யாரைக் கேட்பது? கனடாவில் இதற்கு ஒரு தீர்ப்பே இருக்கிறது. பாட்டி இறந்து ஊருக்குப் போக டிக்கெட் எடுத்த ஒருவரிடம், துக்கச் சலுகைக்கு டிக்கெட் எடுத்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் சொல்லியிருக்கிறது. விதி அப்படி இல்லை. சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்காமல் 800 டாலருக்குச் சற்று மேல் கொடுக்கச் சொன்னது.

ஐயாவின் சாட்பாட்டில் வந்த சிக்கல் இதைவிடக் கடினமானது. உரையாடல் பதிவுகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, குற்றியலுகரக் கேள்விகளுக்கு நடுவே ஒரு பெண், ஹாஸ்டலில் இருக்கவே பிடிக்கவில்லை, வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று எழுதியிருந்தாள். இலக்கணச் சாட்பாட்டிடம். பதிவில் பெயர் இல்லை, நாங்கள்தான் ஆய்வு நெறிப்படி பெயரை எடுத்துவிட்டிருந்தோம். யார் என்று தெரியாததால் உதவ முடியவில்லை. தெரியும்படி வைத்திருந்தால் எல்லாப் பிள்ளைகளின் அந்தரங்கமும் ஆசிரியர் மேசையில் இருந்திருக்கும். இதில் சட்டமும் வருகிறது: 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை, பெற்றோர் சம்மதம் வேண்டும். முதலாமாண்டில் பலருக்குப் பதினேழுதான். 2016இல் ஜார்ஜியா டெக்கில் அசோக் கோயல், ஜில் வாட்சன் என்ற பெயரில் ஒரு ஏஐயை உதவி ஆசிரியராக விட்டு, செமஸ்டர் முடியும்வரை மாணவர்களிடம் அதைச் சொல்லாமல் இருந்தார். அன்று உலகமே வியந்தது. இன்று ஒருவர் அப்படிச் செய்கிறேன் என்று வந்தால் நான் வேண்டாம் என்பேன்.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஐயாவின் சாட்பாட் இப்போது முதல் வரியிலேயே, 'இங்கே எழுதுவதை ஆசிரியர்கள் படிப்பார்கள், பெயர் தெரியாது' என்று சொல்லிவிடுகிறது. மனக்கஷ்டம் பற்றிய பேச்சு வந்தால் இலக்கணத்தை நிறுத்திவிட்டு, அரசின் டெலி-மானஸ் எண்ணான 14416ஐயும் கல்லூரி ஆலோசகர் உட்காரும் அறையையும் சொல்கிறது. இது போதுமா என்பதில் ஐயாவுக்கும் அந்த உதவிப் பேராசிரியர் மேடத்துக்கும் இன்னும் சண்டை. மேடம் போதாது என்கிறார். நான் அவர் பக்கம்.

இந்த செமஸ்டரில் ஒரு செக்‌ஷனுக்கு யோசிக்க வைக்கும் சாட்பாட், இன்னொன்றுக்கு வழக்கம்போல் குறிப்பு மட்டும். கடைசியில் இரண்டு செக்‌ஷனுக்கும் ஒரே தாள், ஃபோன் வெளியே, பேனா மட்டும். இரண்டு பேர் திருத்துவார்கள், எந்தத் தாள் எந்த செக்‌ஷன் என்று தெரியாமல். சாட்பாட் செக்‌ஷன் தோற்றாலும் அதையும் எழுதி அனுப்ப வேண்டும் என்று ஐயாவிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். தேதி இன்னும் ஆகவில்லை. கண்ட்ரோலர் ஆபீஸிலிருந்து டைம்டேபிள் வர வேண்டும்.